ஏழெழுத்து ஊரும் மின்னஞ்சல் நீட்சிகளும்

மின்னஞ்சலைப் பெறவும் படிக்கவும் எழுதவும் அனுப்பவும் பயன்படும் மென்பொருளை அஞ்சல் செயலி என்றும், அதைத் தயாரித்த நிறுவனம் தராத ஒரு வசதியைப் பிறர் எழுதி அதனோடு பொருத்தும் சிறு நிரலை நீட்சி என்றும் தமிழ்க் கணிமையில் வழங்குவர். தொழிலில் இருப்போர் பேச்சில் இதுவே ‘ஆட்-இன்’. இணைப்பை மறந்துவிட்டு மடலை அனுப்ப முனைபவரைத் தடுத்து நினைவூட்டுவது, வந்த மடலை அலுவலகக் கோப்பு எண்ணோடு சேர்த்து வைப்பது, எழுதிய மடலில் பிழை திருத்துவது போன்றவை நீட்சிகள் செய்யும் பணிகள். இத்தகைய நீட்சியை எந்த நிரல்மொழியில், எந்தக் கருவியைக் கொண்டு எழுதுவது என்ற கேள்வி 30 ஆண்டுகளாகத் தொழில்நுட்பக் கேள்வியாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. தமிழைப் பொறுத்தவரை அதில் எழுத்தைப் பற்றிய கேள்வியும் அடங்கியிருந்தது. ஏனெனில் கருவி எந்த அளவுக்குத் தமிழெழுத்தை அறிந்திருந்ததோ அந்த அளவுக்கே அதைக் கொண்டு எழுதப்பட்ட நீட்சியும் தமிழ் மடலுக்குப் பயன்பட்டது.

இதை விளக்க ‘திருவண்ணாமலை’ என்னும் ஊர்ப்பெயரைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. தி, ரு, வ, ண், ணா, ம, லை என அப்பெயர் ஏழெழுத்துகளால் ஆனது. தொடக்கப்பள்ளி மாணவரும் விரல் மடக்கி எண்ணிச் சொல்லிவிடுவார். அண்ணாமலையார் கோயிலில் சோழர் காலம் தொட்டு வெட்டப்பட்ட கல்வெட்டுகளில், அக்காலக் கல்வெட்டுகளின் பொது வழக்கப்படி, மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ‘ண்ணா’ என்று படிக்க வேண்டிய இடத்தில் புள்ளியற்ற ணகரத்தையே கல்லில் காண முடியும், புள்ளியைச் சேர்த்துப் படிக்கும் பொறுப்பு படிப்பவரின் மொழியறிவைச் சார்ந்தது. அச்சுக் காலத்தில் புள்ளி நிலைபெற்றது. பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 1978-இல் தமிழக அரசு ஆணையாக வெளியிட்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா முதலியவற்றின் வளைந்த பழைய வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை போன்ற கொம்பும் நீங்கின. இந்த ஊர்ப்பெயரிலுள்ள ஏழெழுத்துகளில் ‘ணா’, ‘லை’ ஆகிய இரண்டும் அந்தச் சீர்திருத்தத்தில் உருமாறியவை. ஆகவே 1978-க்கு முன் அச்சான புத்தகத்திலும் அதற்குப்பின் அச்சான புத்தகத்திலும் ஊரின் பெயர் ஒன்றாக இருந்தாலும் தோற்றம் வேறாக இருக்கும். எழுத்து வேறு, எழுத்தின் வடிவம் வேறு என்ற இந்த உண்மைதான் பின்னாளில் மின்னஞ்சலில் தமிழைப் படாதபாடு படுத்தியது.

பல மொழி மடல்கள் வந்து குவியும் ஊராகத் திருவண்ணாமலை மின்னஞ்சலுக்கு நெடுங்காலம் முன்பே ஆகியிருந்தது. 1896-இல் அவ்வூருக்கு வந்த ரமண மகரிஷியைச் சுற்றி 1922-க்குப் பின் மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவாயிற்று. பால் பிரண்டன் 1934-இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்குப் பிறகு வெளிநாட்டுக் கடிதங்களும் பெருகின. ஆசிரம அலுவலகத்தில் கடிதங்கள் பிரிக்கப்பட்டு மகரிஷியிடம் காட்டப்பட்டன. மறுமொழிகள் அலுவலகத்தில் வரைவாக எழுதப்பட்டு அவர் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர் திருத்தியபின்னரே தபாலில் சேர்ந்தன. எழுதுவதற்கும் அனுப்புவதற்கும் இடையில் ஒரு சரிபார்ப்பை நுழைப்பது என்னும் இந்த ஒழுங்கு, இன்றைய அஞ்சல் நீட்சிகளில் ‘அனுப்பும்போது சோதித்தல்’ என்று பெயர் பெற்றிருக்கும் வசதியின் மனித வடிவம். தாளும் பேனாவும் எந்த எழுத்தையும் மறுக்காது. தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் வந்த கடிதங்களை ஒரே மேசையில் அடுக்கி வைக்க எவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கணினி அஞ்சலின் முதல் இருபது ஆண்டுகளில் அந்த மேசையில் ஆங்கிலத்துக்கு மட்டுமே இடம் இருந்தது.

அதற்குக் காரணம் அஞ்சலைக் கொண்டுசெல்லும் நெறிமுறையிலேயே இருந்தது. 1982-இல் வரையறுக்கப்பட்ட எஸ்எம்டிபி என்னும் அஞ்சல் நெறிமுறை ஓர் எழுத்துக்கு 7 பிட் அளவையே ஏற்றது. பிட் என்பது பூஜ்யம் அல்லது ஒன்று என்னும் ஒற்றைக் குறி, ஏழு பிட்டுகளால் 128 குறிகளைத்தான் வேறுபடுத்த முடியும், ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் கட்டுப்பாட்டுக் குறிகளும் சேர்ந்தே அந்த 128-ஐ நிரப்பிவிட்டன. எட்டாவது பிட்டைப் பயன்படுத்திக் கிடைக்கும் இன்னொரு 128 இடங்களில் தமிழை அமர்த்தி அனுப்பினால், வழியிலுள்ள சில வழங்கிகள் அந்த எட்டாவது பிட்டை வெட்டி எறிந்துவிடும். அனுப்பியது தமிழாக இருக்க, போய்ச் சேர்ந்தது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும். 1992-இல் வந்த மைம் என்னும் நெறிமுறை இதற்கு வழி கண்டது. மடலின் தலைப்பில் இன்ன குறியீட்டு முறையில் எழுதப்பட்டது என்று அறிவித்து, உள்ளடக்கத்தை 7 பிட் எழுத்துகளாக மாற்றிக் கட்டி அனுப்பி, மறுமுனையில் அவிழ்த்துக்கொள்ள அது இடம் தந்தது. ஆனால் தலைப்பில் அறிவிக்கத் தமிழுக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட குறியீட்டு முறை அப்போது இல்லை.

குறியீட்டு முறை என்பது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒப்பந்தம். 1990-களில் தமிழெழுத்துருவை உருவாக்கிய ஒவ்வொருவரும் தமக்கென ஓர் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய ‘முரசு’, பின்னர் ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று; அஞ்சல் என்னும் அந்தப் பெயரே மின்மடல் எழுதுவதைத் தமிழ்க் கணிமை எவ்வளவு முதன்மையாகக் கருதியது என்பதற்குச் சான்று. சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடற்குழுவில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் கூடி, தம்முள் பொதுவான ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்று விவாதித்ததன் விளைவே 1990-களின் இறுதியில் உருவான திஸ்கி என்னும் குறியீட்டு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தன் பங்குக்கு டாம், டாப் என்னும் இரண்டு முறைகளையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் ஏற்றது. விசைப்பலகை நிலைத்தது; குறியீட்டு முறைகள் நிலைக்கவில்லை.

திஸ்கியில் ஒரு மடலைப் படிப்பதற்கு அன்றைய பயனர் செய்ய வேண்டியிருந்தவற்றை இன்றைய தலைமுறை அறிவது நல்லது. முதலில் திஸ்கி எழுத்துரு ஒன்றைப் பதிவிறக்கிக் கணினியில் நிறுவ வேண்டும். பின்னர் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் செயலியின் அமைப்புகளைத் திறந்து, எழுத்துருக்கள் என்ற பகுதியில் ‘பயனர் வரையறுத்தது’ என்ற மொழிப்பெயருக்கு நேராக அந்த எழுத்துருவைப் பொருத்த வேண்டும். மடல் வந்தபின் பார்வைப் பட்டியலில் குறியீட்டு முறையையும் ‘பயனர் வரையறுத்தது’ என்று மாற்ற வேண்டும். இத்தனைக்குப் பின் தமிழ் தெரியும், ஆனால் கணினிக்கு அது தமிழ் என்று தெரியாது. திஸ்கி எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தது. ‘லை’ என்று எழுதினால் முதலில் கொம்பும் அதன்பின் லகரமும் சேமிக்கப்பட்டன. ஆகவே ‘மல’ என்று தேடுபவருக்குத் திருவண்ணாமலை அகப்படாது, அகரவரிசைப்படுத்தினால் கொம்புள்ள எழுத்துகளெல்லாம் இடம் மாறி நிற்கும். மடல்களைத் தேடுவதும் வகைப்படுத்துவதுமே நீட்சிகளின் அன்றாட வேலை என்பதை நினைத்தால், அன்றைய குறியீட்டு முறையின் மேல் நம்பகமான நீட்சி எதையும் கட்ட முடியாமல் போனதன் காரணம் விளங்கும்.

எனவே அக்காலத் தமிழ் நிரலாளர்கள் அஞ்சல் செயலிக்குள் நுழையாமல் விசைப்பலகையைப் பிடித்தார்கள். விண்டோஸ் இயக்கமுறையில் ‘ஹூக்’, அதாவது கொக்கி, என்றொரு ஏற்பாடு உண்டு. தட்டப்படும் ஒவ்வொரு விசையும் செயலியைச் சென்றடையும் முன் அதைத் தடுத்து வாங்கி, வேறொன்றாக மாற்றித் தர அது இடம் தருகிறது. முரசு அஞ்சல், கீமேன் என்னும் விசைப்பலகை மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு ‘தமிழா’ குழுவினர் உருவாக்கிய இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் ஆகியவை யூடோரா, நெட்ஸ்கேப், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாச் செயலிகளிலும் தமிழைத் தட்ட வைத்தன. அது மிகச் சரியான தேர்வு. பொத்தான்களைச் சேர்க்க முறையான வழியை அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தரவே இல்லை. யூடோராவுக்கு எழுதிய நீட்சி நெட்ஸ்கேப்புக்கு உதவாது. எந்தச் செயலி நிலைக்கும் என்று எவருக்கும் தெரியாத நிலையில், மாறாத ஒன்றாகிய விசைப்பலகையைச் சார்ந்து நின்ற கருவிகளே பிழைத்தன. முரசின் ‘அஞ்சல்’ விசைப்பலகை இன்று ஆப்பிளின் மேக் கணினிகளில் இயக்கமுறையோடு சேர்ந்தே வருகிறது.

அஞ்சல் செயலிக்குள்ளேயே நிரல் எழுதும் தொழில் அவுட்லுக் என்னும் பெரிய செயலியைச் சுற்றி வளர்ந்தது. 1997-இல் அவுட்லுக்கின் முதற்பதிப்பு வந்தபோது நீட்சி எழுத இரு வழிகளே இருந்தன. ஒன்று, மாப்பி என்னும் அஞ்சல் இடைமுகத்தை நன்கு கற்றவர் சி++ மொழியில் எழுதும் கடினமான வழி, மற்றொன்று படிவங்களுக்குள் விபிஸ்கிரிப்ட் மொழியில் எழுதும் எளிய, ஆற்றல் குறைந்த வழி. அவுட்லுக் 2000 பதிப்போடு காம் நீட்சி என்னும் முறை வந்தது. காம் என்பது தனித்தனியாக எழுதப்பட்ட இரு நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் விதத்தை வரையறுக்கும் ஒப்பந்தம். அவுட்லுக் நீட்சியை ஏற்றும்போது, பிற நீட்சிகளின் பட்டியல் மாறும்போது, தொடக்கம் நிறைவுறும்போது, மூடத் தொடங்கும்போது, விடுவிக்கும்போது என ஐந்து வேளைகளில் ஐந்து வாயில்களைத் தட்டும். அந்த ஐந்தையும் திறந்து வைத்திருக்கும் நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் நீட்சியாகிவிடும். விஷுவல் பேசிக் 6, டெல்பி, சி++ ஆகிய மூன்றும் அந்த வாயில்களைத் திறக்க வல்லவை. ஒரு பொத்தானை வரைந்து அதற்குக் கீழே நாலு வரி எழுதினால் வேலை முடிந்துவிடும் என்பதால் பெரும்பாலோர் விஷுவல் பேசிக்கை நாடினர்.

தமிழ் மடலுக்கு நீட்சி எழுத முனைந்தவருக்கு அந்த எளிமையே குழியாயிற்று. 1991-இல் வெளியான யூனிகோடு என்னும் உலகளாவிய குறியீட்டு முறை தமிழுக்கென ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 அதை ஏற்று, ‘லதா’ என்னும் தமிழெழுத்துருவையும் உடன் தந்தது. இந்தி, தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்கு விண்டோஸில் யூனிகோடு தவிர்த்த பழைய வகைக் குறியீட்டுப் பக்கம் எதுவும் தரப்படவில்லை. விஷுவல் பேசிக் 6 உள்ளுக்குள் யூனிகோடைக் கையாண்டாலும், திரையில் காட்டும் பெட்டிகளில் அந்தப் பழைய பக்கத்தின் வழியாகவே எழுத்தைக் காட்டியது. பக்கம் இல்லாத மொழியின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி வந்து நிற்கும். திருவண்ணாமலை என்ற பெயர் அங்கே பன்னிரண்டு கேள்விக்குறிகளாகத் தெரியும். டெல்பியின் திரைக்கூறுகளும் 2009 பதிப்பு வரை இதே குறையோடு இருந்தன. அவுட்லுக்கின் மடல் சாளரம் தமிழைச் சரியாகக் காட்ட, அதன் பக்கத்திலேயே நீட்சியின் பெட்டி கேள்விக்குறிகளை அடுக்கிய அந்தக் காலத்தில், கருவியைத் தேர்ந்த நாளிலேயே தமிழ் விலக்கப்பட்டது என்பதைத் தேர்ந்தவர்களே அறிந்திருக்கவில்லை.

ஏழெழுத்துப் பெயருக்குப் பன்னிரண்டு கேள்விக்குறிகள் எப்படி வந்தன என்பதை இங்கே விளக்க வேண்டும். யூனிகோடு தமிழின் உயிர்மெய்யை ஒற்றைக் குறியாக வைக்காமல், அகரமேறிய மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனி எண்களாக வைக்கிறது; மெய்யெழுத்து என்பது அகரமேறிய மெய்யும் புள்ளியும் சேர்ந்தது. அதன்படி தி, ரு, ண், ணா, லை ஆகிய ஐந்தும் இவ்விரண்டு குறிகளாக, வ, ம ஆகியவை ஒவ்வொரு குறியாக, மொத்தம் பன்னிரண்டு ஆகின்றன. இக்குறிகளை அஞ்சலில் அனுப்பும்போது யுடிஎஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 36 பைட்டுகள் தேவைப்படும். மைம் நெறிமுறையின் அச்சுக்குகந்த கட்டு முறையில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாற, அதே பெயர் 108 எழுத்து நீளத்தில் பயணம் செய்யும். பேஸ்64 என்னும் மற்றொரு கட்டு முறையில் 48 எழுத்துகளில் அடங்கும். ஏழு, பன்னிரண்டு, முப்பத்தாறு, நூற்றெட்டு என்ற இந்த நான்கு எண்களில் எதை ‘நீளம்’ என்று தன் கருவி சொல்கிறது என்பதை அறியாத நிரலாளர், தலைப்பை வெட்டிச் சுருக்கும் நீட்சி ஒன்றை எழுதினால் ‘திருவண்ணாமலை’ எங்கோ ஓரிடத்தில் புள்ளியிழந்தோ கொம்பிழந்தோ நிற்பது உறுதி.

கருவித் தேர்வின் போக்கைத் திருப்பிய இன்னொரு நிகழ்வு 2000 மே மாதத் தொடக்கத்தில் நடந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட ‘ஐ லவ் யூ’ என்னும் நச்சுநிரல் விபிஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டிருந்தது. இணைப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. நல்ல நீட்சிகளுக்குத் திறந்துவிடப்பட்ட அதே வாயில் வழியாகத்தான் அது புகுந்தது. அதன்பின் அவுட்லுக் ஒரு காவலை நிறுவியது. எந்த நிரல் முகவரிகளைத் தொட்டாலும் அனுமதி கேட்கும் அறிவிப்பு திரையில் எழுந்தது. முறையாக எழுதப்பட்ட நீட்சிகளும் அந்தக் காவலில் சிக்கித் திணறியதால், காவல் இல்லாத அடித்தள இடைமுகமாகிய மாப்பியை எட்டும் தனி நூலகங்களை விலைக்கு வாங்கும் வழக்கம் தொழிலில் பரவிற்று.

2002-இல் வந்த டாட்நெட் என்னும் நிரலாக்கத் தளம் தமிழின் பார்வையில் பெரிய முன்னேற்றம். அதன் பெட்டிகள் யூனிகோடைத் தயக்கமின்றிக் காட்டின. ஆயினும் அதற்கும் சொந்தக் குறைகள் இருந்தன. டாட்நெட் பயன்படாத நினைவகத்தைத் தானே கூட்டித் துப்புரவாக்கும் இயல்புடையது. நீட்சி எழுதுபவர் தம் பொத்தானைக் குறிக்கும் மாறியைத் தற்காலிகமாக அறிவித்துவிட்டால், துப்புரவு நடக்கும் கணத்தில் அதுவும் கூட்டிப் பெருக்கப்பட்டு, காலையில் வேலை செய்த பொத்தான் மதியம் அழுத்தினால் மௌனமாக இருக்கும். காரணம் தெரியாமல் நாட்கணக்கில் தேடியவர்கள் இத்தொழிலில் ஏராளம். விண்டோஸ் பதிவேட்டில் நீட்சியின் பெயருக்கு நேரே ‘லோட்பிஹேவியர்’ என்றொரு பதிவு உண்டு. அது 3 என்று இருந்தால் அவுட்லுக் நீட்சியை ஏற்றும், ஏற்றும்போது பிழை நேர்ந்தால் தானே அதை 2 என்று மாற்றிவிட்டு மறுமுறை திரும்பியும் பாராது. பயனர் தொலைபேசியில் முறையிட்டால் முதலில் அந்த 2-ஐ 3 ஆக்கச் சொல்வது தொழிலின் வழக்கமாயிற்று. அவுட்லுக் 2013 இன்னும் கறாரானது. ஐந்து தொடக்கங்களின் இடைநிலை நேரம் 1000 மில்லிநொடியைத் தாண்டும் நீட்சியை அது தானே முடக்கியது. டாட்நெட் எழும்புவதற்கே நேரம் எடுக்கும் என்பதால், சிலர் அந்த ஒரு நொடிக் கணக்குக்காகவே மீண்டும் சி++ பக்கம் திரும்பினர். விஷுவல் பேசிக் 6-இல் எழுதியவர்களின் நிலை இன்னும் மோசம். அவுட்லுக் 2010-இன் 64 பிட் பதிப்பு அவர்களுடைய 32 பிட் நீட்சிகளை ஏற்கவே இல்லை, 64 பிட்டுக்கு மாற்றித் தரும் தொகுப்பி அம்மொழிக்கு இல்லை.

அவுட்லுக் உலகில் இவை நடந்துகொண்டிருந்தபோது தமிழகத்து அலுவலகங்கள் வேறொரு காலத்தில் இருந்தன. திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து உருவானது. தட்டச்சுப் பொறியில் தொடங்கிய மாவட்ட நிர்வாகம் என்ற முறையில் தமிழெழுத்துக்குக் கணினியில் நேர்ந்த மாற்றங்களெல்லாம் அதன் கோப்புகளின் வழியாகவே நடந்தேறின. தமிழக அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருக்கள் பரவலாக வழங்கின; அவற்றில் அடித்த கடிதத்தை மின்னஞ்சலில் ஒட்டினால் மறுமுனையில் அந்த எழுத்துரு இல்லாதவருக்குப் புரியாத குறிகளே தெரியும். ஆகவே எழுத்துருக் கோப்பையும் உடன் அனுப்புவது, அல்லது தாளில் அச்சிட்டு ஒளிவருடி எடுத்த படத்தை இணைப்பாக அனுப்புவது என்று ஆயிற்று. மடலின் உடலில் ஒரு வரி ஆங்கிலமும் இணைப்பில் முழுத் தமிழும் என்ற வழக்கம் இதனால் பிறந்தது. தமிழ் இணைப்புக்குள் ஒளிந்துகொண்டதால் எந்த நீட்சியும் அதைத் தேடவோ வகைப்படுத்தவோ முடியாமல் போயிற்று. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்தில்தான் யூனிகோடையும், அது இயலாத இடங்களில் டேஸ்16 என்னும் முறையையும் அரசு தன் தர நிலைகளாக அறிவித்தது. அந்த ஆணை பத்தாண்டு முன்னதாக வந்திருந்தால் தமிழில் அலுவலக மின்னஞ்சலின் கதை வேறாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

உலாவியில் அஞ்சல் படிக்கும் வழக்கம் 2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தபின் பெருகிற்று. தன்னார்வலர்கள் பயர்பாக்ஸ் உலாவிக்காக உருவாக்கிய ‘தமிழ்விசை’ நீட்சி, எந்த மென்பொருளையும் நிறுவ அனுமதி இல்லாத இணைய மையக் கணினியிலும் உலாவிக்குள்ளேயே தமிழைத் தட்ட உதவியது. அது ஸூல் என்னும் மொசில்லாவின் திரைமொழியையும் ஜாவாஸ்கிரிப்டையும் சார்ந்து எழுதப்படும் வகையைச் சேர்ந்தது. அந்த வகை நீட்சி உலாவியின் எந்த உறுப்பையும் கழற்றி மாட்ட வல்லது, அதனாலேயே உலாவியின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் உடைவதும் அதன் இயல்பு. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 அவ்வகை நீட்சிகளைக் கைவிட்டது; 2020-இல் அஞ்சல் செயலியான தண்டர்பேர்டு 78 அதே வழியில் சென்றபோது, 2001 முதல் மடல்களை மறையாக்கிக் காத்துவந்த எனிக்மெயில் நீட்சியும் முடிவுக்கு வந்து, அதன் பணி செயலிக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

அவுட்லுக்கும் இதே திசையில் நகர்ந்தது. 2013-இல் அறிமுகமான வலை நீட்சி, செயலிக்குள் புகாமல், ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பலகத்தில் வலைப்பக்கமாக ஓடுவது. ஜாவாஸ்கிரிப்டில் அல்லது அதற்கு வகையொழுங்கு சேர்த்த டைப்ஸ்கிரிப்டில் எழுதப்படுவது. எந்த மடலில், எந்த அனுமதியோடு தோன்ற வேண்டும் என்பதை அறிக்கைக் கோப்பு ஒன்றில் முன்கூட்டியே எழுதித் தருவது. 2017 அக்டோபரில் ஜிமெயிலும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாக இவ்வகை நீட்சிகளை ஏற்றது. தமிழகத்திலேயே பிறந்த ஓர் அஞ்சல் சேவையும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ஸோஹோ ஆன நிறுவனம் 2008-இல் தன் அஞ்சல் சேவையை வெளியிட்டது, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அலுவலகம் அமைத்தது. ஸோஹோ அஞ்சலில் தானியங்கிப் பணிகளை எழுத டெலூஜ் என்னும் அதன் சொந்த நிரல்மொழி பயன்படுகிறது. ஒரே நிறுவனத்தின் மொழியைக் கற்பது அந்நிறுவனத்தின் கூரைக்கீழ் மட்டுமே பயன் தரும் என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் விரைவில் வேலை முடிய வேண்டிய சிறிய அலுவலகத்துக்கு அது போதுமானது என்பதும் உண்மை.

வலை நீட்சிகள் வந்ததால் தமிழின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியது. ‘இணைப்பு’ என்ற சொல் மடலில் இருந்து, இணைப்பு இல்லாமல் அனுப்பப்பட்டால் எச்சரிக்கும் எளிய நீட்சியை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடினால் போதும். தமிழில் இணைத்துள்ளேன், இணைத்திருக்கிறோம், இணைக்கப்பட்டுள்ளது, இணைப்பில் காண்க என்று அடிச்சொல் பல உருவங்களில் வரும் என்பதால் சொல்லின் தொடக்கத்தைக் கொண்டு தேட வேண்டும். சொல் எங்கே தொடங்குகிறது என்று கேட்கும் வசதி பெரும்பாலான நிரல்மொழிகளின் தேடல்கோவைகளில் உண்டு. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அவ்விடத்தில் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லெழுத்தாகக் கருதுவதால், தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தை அது காண்பதே இல்லை. டாட்நெட் ஃபிரேம்வொர்க் தமிழ் மெய்யைச் சொல்லெழுத்தாக ஏற்கும், புள்ளியையும் ஈகாரக் குறியையும் ஏற்கும், இடம் அடைக்கும் குறிகளான ா, ி, ு, ை முதலியவற்றை ஏற்காது. ஆகவே அதனிடம் ‘திருவண்ணாமலை’ என்பதைச் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால் த, ர, வண்ண, மல என்று நான்கு துண்டுகளைத் தரும். மலையும் போய் அண்ணாவும் போய் நிற்கும் அந்த நான்கு துண்டுகளைக் கண்ட எவரும் கருவியின் புகழுரையை அப்படியே நம்ப மாட்டார். 2018-இல் ஜாவாஸ்கிரிப்டில் யூனிகோடு வகைப்பாட்டைக் கேட்டுத் தேடும் வசதி சேர்ந்தபின் எழுத்தும் குறியும் சேர்ந்த கோவையை எழுதிச் சமாளிக்க முடிகிறது. எழுத்துகளை மனிதர் எண்ணும் விதத்திலேயே பிரித்துத் தரும் இன்டல் செக்மென்டர் என்னும் பின்வந்த வசதி, அப்பெயரை ஏழாகவே எண்ணுகிறது.

நீட்சி வரலாற்றின் அண்மைக் கட்டம் பழைய கருவிகளுக்குக் கதவை அடைப்பதாக அமைந்துள்ளது. 2024 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸுக்கான புதிய அவுட்லுக், காம் நீட்சிகளை ஏற்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விஷுவல் பேசிக்கிலும் சி++-இலும் டாட்நெட்டிலும் எழுதப்பட்டவை பழைய அவுட்லுக்கோடு நின்றுவிடுகின்றன. இந்தத் திருப்பத்தில் இழப்பும் உண்டு. காம் நீட்சி கணினிக்குள்ளேயே ஓடியது, மடல் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. வலை நீட்சி தன்னை எழுதியவரின் வழங்கியிலிருந்து இறங்கி ஓடுவது, மடலின் உள்ளடக்கம் அந்த வழங்கிக்குச் செல்லவும் வழியுண்டு. கடிதத்தின் அந்தரங்கத்தைப் பொருட்படுத்தும் எந்த நிறுவனமும், அது ஆசிரமமானாலும் அரசு அலுவலகமானாலும், நீட்சியின் அறிக்கைக் கோப்பில் கேட்கப்படும் அனுமதிகளைப் படித்துப் பார்த்த பின்னரே அதை நிறுவ வேண்டும்.

இன்று திருவண்ணாமலையிலோ வேறெந்த ஊரிலோ தமிழ் மடல்களுக்கு நீட்சி எழுத உட்காரும் இளைஞருக்குச் சி++ கற்கும் தேவை பெரும்பாலும் இல்லை; டைப்ஸ்கிரிப்டும் செயலி வெளிப்படையாக எழுதித் தந்த ஒப்பந்தமும் அவருக்குப் போதும். ஆனால் முதல் வரியை எழுதும் முன் தாம் தேர்ந்த கருவியில் தம் ஊரின் பெயரைத் தமிழில் தட்டி, அதன் நீளத்தைக் கேட்டு, சொல்லாகப் பிரிக்கச் சொல்லி, நாலாவது எழுத்தோடு வெட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். திருவண்ணாமலை என்பது ஏழெழுத்து. ஏழு என்று சொல்ல வைக்க முடியாத கருவியைத் தமிழுக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது.